23, 28, 32: ரோடு பைக் டயரின் மூன்று அகலங்களை ஓராண்டு ஓட்டிப் பார்த்த மதிப்புரை

ரோடு பைக், அதாவது தார்ச் சாலையில் வேகமாகப் போவதற்கான சைக்கிள், ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து எட்டு ஆண்டுகள் நான் 23 மி.மீ. டயரைத் தவிர வேறெதையும் மாட்டியதில்லை. கிளம்புவதற்கு முன் கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பதும், அது இம்மியும் உள்வாங்காமல் கல்லைப் போல் நின்றால் திருப்தியோடு பம்பைச் சுவரோரம் சாத்தி வைப்பதும் என் காலை வழக்கங்களில் ஒன்று. பம்பின் முள் 110 பி.எஸ்.ஐ.-யைத் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்த அளவு) தொடாவிட்டால் அன்றைய ஓட்டம் மந்தமாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். ஒட்டுப்போட்ட சாலையில் பற்கள் கிடுகிடுத்தாலும், ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போனாலும், வேகம் வேண்டுமென்றால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடந்த ஓராண்டில் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் டயரை 23, 28, 32 என்று மூன்று அகலங்களில் வாங்கி, இரண்டு சைக்கிள்களில் மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒன்று, சக்கரத்தின் வளையத்தை (ரிம்) இருபுறமும் கட்டைகள் பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக் கொண்ட பழைய சைக்கிள். மற்றொன்று டிஸ்க் பிரேக்கும் அகலமான ரிம்மும் கொண்ட புதியது. டயரின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். ரப்பர் கலவையும் உள்நூல் பின்னலும் மூன்றிலும் ஒன்றே என்பதால், இந்த மதிப்புரை அகலம் என்ற ஒரே ஒரு குணத்தைப் பற்றியது. நல்ல தரத்திலான எந்த டயரை வாங்கினாலும் இதில் சொல்லியிருப்பதில் பெரும்பகுதி பொருந்தும்.

வாங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண் டயரின் உண்மையான அகலம் அல்ல என்பதைத்தான். 28-622 என்று போட்டிருந்தால் 622 என்பது டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், அது மாறாது. ஆனால் 28 என்பது ஒரு குறிப்பிட்ட உள்ளகலம் கொண்ட ரிம்மில் வைத்து அளந்தால் கிடைக்கும் அகலம். 2020-இல் திருத்தப்பட்ட ஐரோப்பியத் தர அளவின்படி 25 முதல் 28 வரையான டயர்களுக்கு 19 மி.மீ. ரிம்மும், 29 முதல் 34 வரையானவற்றுக்கு 23 மி.மீ. ரிம்மும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. ரிம்மின் உள்ளகலம் ஒரு மி.மீ. கூடினால் டயரின் அகலம் ஏறக்குறைய 0.4 மி.மீ. கூடும் என்பது நடைமுறைக் கணக்கு. என் பழைய சைக்கிளின் ரிம் 15 மி.மீ. உள்ளகலம் கொண்டது. அதில் காற்றடைத்து ஒரு நாள் விட்டு வெர்னியர் காலிப்பரால் அளந்தபோது, 28 என்று வாங்கிய டயர் 26.5 மி.மீ.தான் காட்டியது. அதே டயர் புதிய சைக்கிளின் 21 மி.மீ. ரிம்மில் 29-ஐ நெருங்கியது. 32 அதே ரிம்மில் 31-ஐச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. ஆகவே, காகிதத்தில் நான்கு மி.மீ. இடைவெளி உள்ள இரண்டு டயர்கள் என் சக்கரத்தில் இரண்டு மி.மீ. இடைவெளிக்குச் சுருங்கிவிட்டன. 23-ஐப் புதிய ரிம்மில் மாட்டவே இல்லை. அவ்வளவு அகலமான ரிம்மில் அத்தனை ஒல்லியான டயரை மாட்டுவது பாதுகாப்பானதன்று, தர அளவும் அதை ஏற்பதில்லை. ஆகையால் என் ஒப்பீடு பழைய சைக்கிளில் 23-க்கும் 28-க்கும் இடையிலும், புதியதில் 28-க்கும் 32-க்கும் இடையிலும் நடந்தது.

முதல் வாரம் என்னை ஏமாற்றியது டயர் அல்ல, வேகமானி. பழைய சைக்கிளில் 28 மாட்டியபின், வழக்கமான பாதையில் வழக்கமான மூச்சிரைப்போடு போனபோதும் மணிக்கு 30 கி.மீ. காட்ட வேண்டிய இடத்தில் 29.4 காட்டியது. அகல டயர் மந்தம் என்று ஊரெல்லாம் சொன்னது சரிதான் போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள்தான், நன்றாகத் தெரிந்த 20 கி.மீ. தூரத்தை அந்தக் கருவி 19.6 என்று காட்டியது கண்ணில் பட்டது. சாலை குறைந்திருக்க வழியில்லை. ஆரக்காலில் மாட்டிய காந்தத்தை வைத்துச் சுற்றுகளை எண்ணும் அந்தப் பழைய வேகமானியில், 23 டயருக்கான 2096 மி.மீ. சுற்றளவே பதிவாகியிருந்தது, 28 டயருக்கு அது 2136 ஆக இருக்க வேண்டும். எண்ணைத் திருத்தியதும் காணாமல் போன 0.6 கி.மீ. வேகம் திரும்பி வந்தது. அகல டயர் மாட்டி வேகம் குறைந்துவிட்டது என்று சொல்பவர்களில் சிலராவது இந்தக் குழியில் விழுந்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஜி.பி.எஸ். வைத்து ஓட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வேகத்துக்கு வருவோம். ஒரு டயர் உருளும்போது தரையைத் தொடும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி, மீண்டும் நிமிர்கிறது. நசுக்கச் செலவிட்ட ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி ரப்பருக்குள் வெப்பமாகி வீணாகிறது. உருளல் தடை என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது என்பதால், ஒரே அழுத்தத்தில் 23-ம் 28-ம் ஒரே அளவு பரப்பைத்தான் தரையில் பதிக்கின்றன. வேறுபாடு அந்தப் பரப்பின் வடிவத்தில் இருக்கிறது: ஒல்லி டயரின் தடம் நீண்டு குறுகியது, அகல டயரின் தடம் குட்டையாக, பருத்திருக்கும். நீண்ட தடத்துக்கு டயர் ஆழமாக நசுங்க வேண்டியிருப்பதால், ஒரே அழுத்தத்தில் வைத்து ஒப்பிட்டால் அகல டயர்தான் எளிதாக உருளும். இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் 28-லும் 110 பி.எஸ்.ஐ. அடித்தால் வெற்றிதானே என்று நானும் முதலில் அடித்துப் பார்த்தேன். புதிய மொந்தையில் பழைய கள் கதைதான். சைக்கிள் முன்பைவிட முரட்டுத்தனமாகக் குதித்தது.

அதற்குக் காரணம், டயரின் உறையில், அதாவது அதன் நூல் பின்னலில், ஏற்படும் இழுவிசை அழுத்தத்தை மட்டும் பொறுத்ததன்று. அழுத்தத்தை அகலத்தால் பெருக்கிவரும் அளவைப் பொறுத்தது. 23 டயரில் 100 பி.எஸ்.ஐ. தரும் விறைப்பை 28 டயர் 82-லேயே தந்துவிடும். 32 டயருக்கு 72 போதும். கட்டைவிரல் சோதனை பொய்த்துப்போவதும் இங்கேதான். 75 பி.எஸ்.ஐ.-யில் இருக்கும் 28 டயரை அழுத்தினால் 91-இல் இருக்கும் 23-ஐப் போல, பழகிய 110-ஐவிடச் சற்று மென்மையாக விரலுக்குத் தோன்றும். அந்த விரலின் தீர்ப்பை நம்பி இன்னும் பத்து முறை பம்பு அடித்தால், அகலத்துக்காக வாங்கிய டயரின் பயன் அத்தோடு போயிற்று. என் கணிப்பில் இந்த விஷயத்தின் சாரமே இதுதான்: அகலம் தன்னளவில் வேகத்தையும் தருவதில்லை, பாதுகாப்பையும் தருவதில்லை. குறைந்த அழுத்தத்தில் ஓட்டும் வசதியை அது தருகிறது. மற்ற நன்மைகள் எல்லாம் அந்த வசதியைப் பயன்படுத்துபவருக்கே கிடைக்கும்.

குறைந்த அழுத்தம் எப்படி வேகமாகும் என்பதுதான் நீண்ட காலம் பலருக்கும் பிடிபடாத புதிர். ஆய்வுக்கூடத்தில் டயரை வழவழப்பான இரும்பு உருளையின்மேல் ஓட்டிச் சோதித்தால், அழுத்தம் கூடக்கூட உருளல் தடை குறைந்துகொண்டே போகும். அந்த வளைகோட்டை நம்பித்தான் ஒரு தலைமுறை முழுவதும் 120 பி.எஸ்.ஐ. அடித்தது. ஆனால் இரும்பு உருளையில் சரளையும் இல்லை, அதன்மேல் மனிதனும் உட்கார்ந்திருக்கவில்லை. உண்மையான சாலையில் விறைப்பான டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் சைக்கிளையும் ஓட்டுபவரையும் சேர்த்து மேலே தூக்குகிறது. அப்படித் தூக்கச் செலவான ஆற்றல் முன்னோக்கிப் போக வேண்டியது. அது தொடையிலும் தோளிலும் அதிர்வாகப் பரவி வீணாகிறது. அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டியதும் ரப்பரில் மிச்சமாவதைவிட உடம்பில் வீணாவது அதிகமாகிவிடும். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைச் சாலையின் சொரசொரப்புத்தான் முடிவு செய்கிறது. 2000-களின் நடுவில் 'பைசிக்கிள் குவார்ட்டர்லி' இதழின் ஆசிரியர் ஜான் ஹைன் உண்மைச் சாலைகளில் டயர்களை ஓடவிட்டு அளந்து வெளியிட்ட முடிவுகளும், பின்னர் சைக்கிள் பம்புகள் தயாரிக்கும் சில்கா நிறுவனத்தின் ஜாஷ் போர்ட்னர் இந்த எல்லை அழுத்தத்தைப் பற்றித் தொடர்ந்து விளக்கியதும்தான் கருத்தை மெல்லத் திருப்பின.

என் சொந்தச் சோதனை எளிமையானது. மேம்பாலத்தின் உச்சியில் சைக்கிளை நிறுத்தி, பெடல் மிதிக்காமல் இறங்கவிட்டு, அது தானாக நிற்கும் இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன்; ஒரே காலையில், காற்று அசையாத நேரத்தில், டயரை மாற்றி மாற்றி. புதிதாகத் தார் போட்ட வழவழப்பான இறக்கத்தில் 110-இல் இருந்த 23-க்கும் 80-இல் இருந்த 28-க்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எது எதன் கோடு என்று எனக்கே குழம்பியது. ஜல்லி துருத்தி நிற்கும் பழைய சாலையின் இறக்கத்தில் 28 ஒவ்வொரு முறையும் தெளிவாக முந்தியது. இதை ஆய்வு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அகல டயர் மந்தமானது என்ற பேச்சுக்கு அந்தக் கோடுகள் எந்த ஆதரவும் தரவில்லை.

அதேபோல், இதைப் பெரிய வேக வேட்டையாகவும் எண்ண வேண்டாம். என் எடையும் சைக்கிளின் எடையும் சேர்ந்து 82 கிலோ. உருளல் தடைக் கெழு (எடையில் எத்தனை பங்கு தடையாகிறது என்ற எண்) 0.004 என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் டயர்கள் விழுங்குவது ஏறக்குறைய 27 வாட், கெழு 0.005 ஆனால் 33 வாட்டைத் தாண்டும். அதே வேகத்தில் காற்றைக் கிழித்துச் செல்ல நூறு வாட்டுக்கு மேல் செலவாகிறது. டயரின் அகலத்தால் கிடைப்பதும் போவதும் இந்தச் சில வாட்டுகளுக்குள்தான். முழங்கையைச் சற்று மடக்கிக் குனிந்து ஓட்டினால் அதைவிட அதிகம் மிச்சமாகும். தரமான ரப்பரும் மெல்லிய உறையும் கொண்ட 28, தடித்த மலிவான 23-ஐ எளிதில் வெல்லும். தடித்த மலிவான 32 இரண்டிடமும் தோற்கும். டயரின் தரம் செய்யும் வேறுபாடு, ஒரே தரத்தில் அகலம் செய்யும் வேறுபாட்டைவிடப் பெரிது.

ஒல்லி டயருக்கு மிச்சமிருக்கும் ஒரே உண்மையான சாதகம் காற்றுத் தடை குறைவாக இருப்பது. முன்சக்கரத்தின் டயர்தான் காற்றை முதலில் சந்திக்கிறது. அது ரிம்மைவிடப் பருத்து மின்விளக்குக் குமிழைப் போல் உப்பி நின்றால், அதைத் தாண்டும் காற்று ரிம்மோடு ஒட்டி ஓடாமல் சிதறிவிடும். ரிம்மின் வெளியகலம் டயரின் அகலத்தைப் போல் 105 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று போர்ட்னர் சொன்ன விதி இதற்காகத்தான். மணிக்கு 40 கி.மீ.-க்கு மேல் தனியாக நேரப் போட்டி ஓட்டுபவருக்கு இது பொருட்படுத்த வேண்டிய கணக்கு. மணிக்கு 28 முதல் 30 கி.மீ. வேகத்தில் குழுவாகப் போகும் என்னைப் போன்றவர்களுக்கு இது இரண்டாம் பட்சம். இருந்தாலும் பழைய ஒல்லி ரிம்மில் 28 மாட்டினால் பார்ப்பதற்கே சற்று உப்பலாகத்தான் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எடையும் கூடத்தான் செய்கிறது. 23-லிருந்து 32-க்கு வந்தால் ஒரு டயருக்கு 80, 90 கிராம் வரை அதிகமாகலாம். இரண்டுக்கும் சேர்த்து 200 கிராமுக்குள். மொத்த 82 கிலோவில் அது கால் சதவீதம் கூட இல்லை. மேட்டில் அதை உணர்ந்ததாகச் சொல்பவர்கள், நான்கைந்து மடக்குத் தண்ணீர் குறைந்தால் உணர்கிறார்களா என்று கேட்கத் தோன்றும்.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே தவறான நம்பிக்கைகள் இரு பக்கமும் இருக்கின்றன. பின்சக்கரத்தின்மேல் 46 கிலோ விழுவதாகக் கொண்டால், 110 பி.எஸ்.ஐ.-யில் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 6 சதுர செ.மீ.; கட்டைவிரல் ரேகை பதியும் இடத்தைவிடச் சற்றே பெரிது. 75 பி.எஸ்.ஐ.-யில் அது 9-ஐ நெருங்கும், 60-இல் 11-ஐ. பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானால் பிடிமானமும் இரட்டிப்பாகும் என்று நினைப்பது பிழை. வழவழப்பான காய்ந்த தாரில் பிடிமானம் அப்படிக் கூடுவதில்லை. பிரேக் பிடிக்கும் தூரமும் அப்படித்தான். காய்ந்த சமதளச் சாலையில் ரோடு பைக்கின் பிரேக்குக்கு எல்லையாக நிற்பது டயரின் பிடி அன்று, சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்த எடையின் மையம் இருக்கும் உயரம். புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய பாதியளவு வேகத்தணிப்பை எட்டும்போதே பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பத் தொடங்கிவிடும். அதற்குமேல் பிடித்தால் ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழ வேண்டியதுதான். ஆகவே அகல டயர் மாட்டிவிட்டதால் காய்ந்த சாலையில் சீக்கிரம் நின்றுவிடலாம் என்று யாரும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

வேறுபாடு தெரிவது சாலை சரியில்லாத இடங்களில். இறக்கத்து வளைவு ஒன்றின் நடுவில், தாரில் விரல் தடிமனுக்கு அலையலையாகச் சுருக்கங்கள் விழுந்த இடம் எனக்குத் தெரியும். 23-இல் அந்த இடத்தைக் கடக்கும்போது சக்கரம் ஒரு சுருக்கத்திலிருந்து அடுத்ததற்குத் தத்திப் போவது தெளிவாகத் தெரியும்; தத்தும் அந்தக் கணங்களில் டயர் சாலையைத் தொடுவதே இல்லை, தொடாத டயருக்குப் பிடிமானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்போது பிரேக்கைத் தொட்டால் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு வழுக்கும். நான் ஒருமுறை அங்கே பின்சக்கரம் ஒரு சாண் அகலம் பக்கவாட்டில் போய்த் திரும்பியதை உணர்ந்து, வீடு வரும்வரை பேசாமல் வந்திருக்கிறேன். 60 பி.எஸ்.ஐ.-யில் இருந்த 32 அதே சுருக்கங்களை அமுக்கிக்கொண்டு தரையோடு ஒட்டியபடியே போனது. கைப்பிடியில் அதிர்வு வந்தது, ஆனால் தத்தல் இல்லை. பாலத்தின் இரும்பு இணைப்புகள், சாலைக்கும் ஓரத்துக்கும் இடையே விழுந்த நீளவாக்கு வெடிப்புகள் ஆகியவற்றிலும் இதே கதைதான். 23 டயர் முழுவதுமாக விழுந்து சிக்கக்கூடிய வெடிப்பின் மேல் 32 ஏறிக் கடந்துவிடும். நகரத்துச் சாலையில் ஓட்டுபவருக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

மழையில் அகல டயர் தண்ணீரின்மேல் மிதந்து வழுக்கும் என்ற பயம் ஆதாரமற்றது. நீர்ப்படலத்தின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைச் சார்ந்தது. விமானச் சக்கரங்களுக்காக உருவான சூத்திரத்தில் 60 பி.எஸ்.ஐ.-யைப் போட்டுப் பார்த்தால் மணிக்கு 130 கி.மீ.-க்கு அருகில் விடை வருகிறது. நம் கால்களுக்கு அது பொருந்தாத எண். ரோடு பைக் டயரில் பள்ளக்கோடுகள் இல்லாததும் குறையன்று, அதே காரணத்தால். ஈரச் சாலையில் உண்மையில் வீழ்த்துபவை பெயின்ட் அடித்த கோடுகளும், இரும்பு மூடிகளும், எண்ணெய்ப் படலமும்தான். குறைந்த அழுத்தத்தில் இருக்கும் மென்மையான டயர் சொரசொரப்பான ஈரத் தாரைச் சற்று நன்றாகப் பற்றுகிறது. பெயின்ட் கோட்டின்மேல் மூன்று அகலமும் ஒன்றுபோல வழுக்கும். எதை மாட்டினாலும் அங்கே சாயாமல் நேராகப் போவதைத் தவிர வழியில்லை.

பஞ்சர் விஷயத்தில் பாதி நன்மைதான் கிடைக்கிறது. பள்ளத்தின் விளிம்பில் இடித்து, ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல் இரண்டு ஓட்டைகள் விழுமே, அந்த வகை எனக்கு 28-இலும் 32-இலும் இதுவரை நேரவில்லை. ஒல்லி டயரில் அதைத் தவிர்க்கத்தான் அவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டது. 32-க்குள் இருக்கும் காற்றின் கொள்ளளவு 23-ஐப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், இடி ரிம்மை எட்டுவதற்குள் அடங்கிவிடுகிறது. முள்ளுக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் அகலம் ஒரு பொருட்டன்று. அவை ரப்பரின் தடிமனையும் அடியில் உள்ள காப்புப் பட்டையையும்தான் பார்க்கின்றன. ஓராண்டில் எனக்கு நேர்ந்த இரண்டு பஞ்சர்களும் கம்பித் துணுக்குகளால் வந்தவை. ஒரு சிறு எச்சரிக்கை: ஒல்லி டயருக்கான பழைய டியூபை 32-க்குள் திணித்து மிச்சம் பிடிக்கப் பார்க்கக்கூடாது. அது அளவுக்கு மீறி விரிந்து மெலிந்துவிடும். டியூபின்மேல் அச்சிட்டிருக்கும் அகல வரம்பைப் பார்த்து வாங்க வேண்டும்.

அழுத்தத்தைக் குறைக்கச் சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. 32-இல் 45 பி.எஸ்.ஐ. வரை இறக்கிப் பார்த்தேன். எழுந்து நின்று மிதித்தபோது பின்சக்கரம் ரப்பர் பந்தைப் போல் துள்ளியது. வேகமான வளைவில் டயரின் பக்கச்சுவர் மடங்கி, சைக்கிள் நான் சொன்ன திசைக்கு அரைக் கணம் தாமதமாகத் திரும்பியது. அந்த அரைக் கணம் இறக்கத்தில் அச்சமூட்டக்கூடியது. மறுபக்கம், உள்விளிம்பில் கொக்கி இல்லாத ஹூக்லெஸ் ரிம் வைத்திருப்பவர்கள் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. என்ற உச்ச வரம்பை எக்காரணம் கொண்டும் மீறக்கூடாது. டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து அங்கே இருப்பதால், அந்த ரிம்முக்கு ஏற்றது என்று உற்பத்தியாளர் குறிப்பிட்ட டயரை மட்டுமே மாட்ட வேண்டும். பழைய பழக்கத்தில் 100 அடித்துவிடும் கை உள்ளவர்களுக்கு ஹூக்லெஸ் ரிம் வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

சரியான அழுத்தத்தைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது அமெரிக்க சைக்கிள் எழுத்தாளர் ஃபிராங்க் பெர்ட்டோ சொன்ன 15 சதவீத வழி. ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் டயரின் உயரம் 15 சதவீதம் அமுங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 28 டயருக்கு அது ஏறக்குறைய 4 மி.மீ., 32-க்கு 5-க்குச் சற்றுக் குறைவு. சுவரில் தோளைச் சாய்த்துச் சைக்கிள்மேல் உட்கார்ந்துகொண்டு, மகளைத் தரையில் அமர்த்தி ரிம்மின் விளிம்புக்கும் தரைக்கும் இடையே அளவுகோலைப் பிடிக்கச் சொன்னேன். "அப்பா, ரெண்டு மில்லிமீட்டர்கூட இறங்கலையே" என்றாள் அவள், 28-இல் நான் பெருமையோடு அடித்து வைத்திருந்த 110-ஐப் பார்த்து. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கி, ஏறி உட்கார்ந்து, மறுபடி அளந்து, கடைசியில் 28-க்குப் பின்னால் 75, முன்னால் 68 என்றும், 32-க்குப் பின்னால் 60, முன்னால் 54 என்றும் நிலைகொண்டேன். முன்சக்கரத்தின்மேல் எடை குறைவாக விழுவதால் அங்கே அழுத்தமும் குறைவு. என் எடைக்கான எண்கள் இவை, மற்றவர்களுக்கு மாறும். எந்த எண்ணாக இருந்தாலும் ஒரே பம்பால் அடித்துப் பழகுவது நல்லது, ஏனெனில் இரண்டு பம்புகளின் முட்கள் ஒரே டயரைப் பார்த்து ஒரே எண்ணைச் சொல்வது அரிது.

வாங்குமுன் அளக்க வேண்டியது ஃபிரேமை. பழைய சைக்கிளில் 28 நுழைந்தது, சுற்றியது, எங்கும் உரசவில்லை என்று திருப்தியடைந்தேன். மூன்றாம் நாள் மழை ஓய்ந்த சாலையில், டயரில் ஒட்டிய சிறு கல் பிரேக்கின் அடிப்பக்கத்தில் மாட்டி, கிரீச்சென்று இழுத்துக்கொண்டே வந்தது. நிறுத்திப் பார்த்தபோது டயருக்கும் பிரேக்குக்கும் நடுவில் இரண்டு மி.மீ.தான் இருந்தது. சுற்றிலும் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் கேட்பதன் காரணம் அன்றைக்குப் புரிந்தது. முன் ஃபோர்க்கில் பெரிய கல் மாட்டிச் சக்கரம் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அதோடு, ரிம் பிரேக் கட்டைகளை முழுவதும் விரித்தாலும் 28 வெளியே வராது. சக்கரத்தைக் கழற்ற ஒவ்வொரு முறையும் காற்றை இறக்க வேண்டியிருந்தது. அந்தச் சைக்கிளுக்கு இப்போது 25 மாட்டியிருக்கிறேன். 80 பி.எஸ்.ஐ.-க்குச் சற்று மேலே வைத்தால் அதுவும் நன்றாகவே போகிறது. பழைய ஃபிரேம் வைத்திருப்பவர்கள் 25-ஐத் தோல்வியாக எண்ண வேண்டாம். அழுத்தத்தைக் குறைத்தாலே நன்மையில் பாதி வந்துவிடுகிறது.

சாலைப் போட்டிகளில் டிஸ்க் பிரேக்குக்கு 2018-இல் முழு அனுமதி கிடைத்தபின் இந்த இடநெருக்கடி நீங்கியது. பந்தய சைக்கிள்களில் 28-ம் 30-ம் சாதாரணமானதற்கு அதுவும் ஒரு காரணம். பிரான்சில் கல் பதித்த சாலைகள் வழியாகப் போகும் பாரீ-ரூபே பந்தயத்தில் 1964-இல் பீட்டர் போஸ்ட் எட்டிய மணிக்கு 45.1 கி.மீ. சராசரி 2017 வரை யாராலும் முறியடிக்கப்படவில்லை. 2024-இல் மாத்யூ வான் டெர் பூல் அதே பந்தயத்தில் 47.8 கி.மீ. சராசரியோடு வென்றார். காற்றின் திசை, உடை, குழுவின் உத்தி என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு, டயருக்கு மட்டும் மாலை போட முடியாது. ஆனால் அகலமான டயர்கள் வந்தபின் அந்தப் பந்தயம் மெதுவாகிவிடவில்லை என்பது மட்டும் கண்கூடு.

புதிய சைக்கிளில் 28-க்கும் 32-க்கும் இடையே நல்ல சாலையில் என்னால் வேகத்தில் வேறுபாடு காண முடியவில்லை. 28 ஹேண்டில்பாரின் அசைவுக்குச் சற்று உடனடியாகத் திரும்புகிறது. 32 மூன்றாவது மணி நேரத்தில் கழுத்தையும் கையையும் காப்பாற்றுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், ஃபிரேமில் இடம் இருக்கும் சைக்கிளுக்கு 32 என்பேன். நல்ல தார்ச் சாலையில் மட்டும், குழுவோடு விரைவாக ஓட்டுபவர்கள் 28-ஓடு நின்றால் எதையும் இழக்கமாட்டார்கள். 23-ஐப் புதிதாக வாங்கச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

என்னிடம் இருந்த 23 ஜோடியைத் தூக்கிப் போடவில்லை. பழைய சைக்கிளின் உபரிச் சக்கரங்களில் மாட்டி, மழை நாட்களில் வீட்டுக்குள் ரோலர்மேல் ஓட்டுவதற்கு வைத்திருக்கிறேன். வழவழப்பான அந்த உருளைகளின்மேல் அதற்கு இன்றும் 110 பி.எஸ்.ஐ.தான் அடிக்கிறேன், கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தியும் பார்க்கிறேன்.